கீழுதட்டின் இடப்பக்கம்

என் வாயைப் பற்றி ஊரில் மூன்று கதைகள் உலாவுகின்றன. மோட்டார் சைக்கிளில் போய் மதகில் மோதினேன் என்பது ஒன்று. சாராய வெறியில் விழுந்தேன் என்பது இரண்டாவது. மூன்றாவதை என் மனைவி ஜெனிற்றாவுக்கு முன்னால் சொல்ல முடியாது. மூன்றும் பொய். ஏழு மாதமாகச் சந்தியில் காண்கிறவனுக்கெல்லாம் தனித்தனியாக விளங்கப்படுத்தித் தாடை நோகிறது. உடைந்து பொருந்திய தாடை, சும்மாவே நோகும். ஆகையால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். இனி யாராவது கேட்டால் இந்தத் தாளைத்தான் நீட்டுவேன்.

என் பெயர் மரியதாஸ். ஊர் குருநகர். படகு எஞ்சின் திருத்துவது தொழில். இருபத்தாறு வருடமாக ஒரு பாண்ட் கோஷ்டியில் ட்ரம்பெட் ஊதுகிறேன். பெருநாள், கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் போவோம். எஞ்சின் எனக்குச் சோறு போட்டது. ட்ரம்பெட் இல்லாவிட்டால் நான் யாரென்று எனக்கே தெரியாது.

ட்ரம்பெட்டை மூச்சால் ஊதுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். மூச்சு மட்டும் போனால் மறுபக்கத்தால் வெறும் காற்றுத்தான் வரும். சத்தம் போடுவது உதடு. ‘ம்’ என்று சொல்வதுபோல் இரண்டு உதட்டையும் சேர்த்து, வாயின் இரண்டு மூலைகளையும் இறுக்கி, நடுவை மட்டும் இளக்கமாக விட்டுக் காற்றைத் தள்ளினால் உதடு அதிரும். அந்த அதிர்வைத்தான் பித்தளை பெரிதாக்கிக் கொடுக்கிறது. மூலை ஒன்று தளர்ந்தால் காற்று அந்தப் பக்கத்தால் ஓடிவிடும், கதை முடிந்தது.

குளிர்ந்த எஞ்சினை எடுத்த எடுப்பில் முறுக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உதடும் அப்படித்தான், சூடேற்ற வேண்டும். முதலில் குதிரை செருமுவதுபோல் உதட்டைத் தளரவிட்டு அடிப்போம். பிறகு ட்ரம்பெட்டிலிருந்து மவுத்பீஸை, அதாவது வாயில் வைக்கும் அந்தச் சிறு கிண்ணத்தை மட்டும் கழற்றி, அதன் தண்டை இரண்டு விரலால் பிடித்து, அழுத்தாமல் உதட்டில் வைத்து ஒரு நீண்ட சுரம் பிடிப்போம். பிறகு கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, சங்கு ஊதுவதுபோல் இழுப்போம். பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே, அது சங்கீதம் அல்ல. வயிற்றுக் கோளாறோடு ஒருவன் கக்கூசில் இருப்பதுபோல் இருக்கும். எங்கள் வீட்டு நாய் எழும்பிப் போய்விடும்.

செத்தவீட்டில் எங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பெட்டி மூடும்வரை வீட்டு வளவுக்குள் எந்த வாத்தியமும் சத்தம் போடக்கூடாது. மூடியதும் முதல் சத்தம் ட்ரம்பெட்டுடையது. அந்த முதல் சுரம் உடைந்தால் சனத்துக்கு முன்னால் மட்டுமல்ல, பிரேதத்துக்கு முன்னாலும் அவமானம். அதனால் உள்ளே சுவாமியார் செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் வளவின் பின்பக்கம் போய் மவுத்பீஸில் மட்டும் மெதுவாக உதட்டைச் சூடேற்றுவேன். இருபத்தாறு வருடம் இப்படித்தான். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

அன்றைய செத்தவீடு ஒரு சம்மாட்டியாருடையது. நான்கு படகு வைத்திருந்த மனுசன். பக்கத்துக் கோயில் பங்கு. நான் பின்பக்கத்தில், வலைகள் குவித்திருந்த கொட்டிலுக்கு அருகில் நின்றேன். எங்கள் கோஷ்டியில் சைட்-ட்ரம் அடிக்கும் பீற்றரும் என்னோடு நின்றான். அந்த இடத்தில் ஒரு விசயம் நடந்தது. பொலிஸுக்குச் சொன்னபோது அதை விட்டுவிட்டேன். இங்கேயும் இப்போதைக்கு விடுகிறேன், அதன் முறை வரும்போது சொல்வேன்.

செத்தவரின் மூத்த மகன் றெஜி வீட்டின் மூலையால் வந்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். மூன்று நாள் நித்திரை இல்லை, சாராயம் மணத்தது. என் வாயில் மவுத்பீஸ் இருந்தது. அவன் வந்த வேகத்தில் உள்ளங்கையால் அந்த மவுத்பீஸின் தண்டில் அறைந்தான். சுத்தியலால் உளியில் அடிப்பதுபோல் ஓர் அடி. பித்தளை விளிம்பு என் பல்லுக்குள் போனது. மேலுதடு கிழிந்தது. இரண்டு முன்பற்கள் நாக்கில் கிடந்தன, ஒன்றை விழுங்கிவிட்டேன் என்றே நினைக்கிறேன். நான் கையை உயர்த்துவதற்குள் இடப்பக்கத் தாடையில் குத்தினான். கொட்டில் மரத்தில் தலை மோதி விழுந்தேன். விழுந்த பிறகும் உதைத்தான். பீற்றர் அவனைக் கட்டிப்பிடித்தபோது அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் ஆள் கத்துவது மாதிரி இல்லை. அதற்குள் சனம் வந்துவிட்டது. அன்றைக்கு அந்தச் சம்மாட்டியாரைப் பாண்ட் இல்லாமலே அடக்கத்துக்குச் சேமக்காலைக்குக் கொண்டுபோனார்களாம். எனக்குத் தெரியாது. நான் ஓட்டோவில், பீற்றர் கழற்றித் தந்த சேட்டை வாயில் அமுக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு அது ஓட்டோவில் ஞாபகம் வந்தது. சிரிக்கப் பார்த்தேன், இரத்தம் மூக்கால் வந்தது.

வைத்தியசாலையில் முதலில் காத்திருப்புத்தான். அவசரப் பிரிவு வாங்கில் எனக்கு இடப்பக்கம் விறகு கொத்தியபோது காலில் வெட்டிக்கொண்டவர், வலப்பக்கம் காய்ச்சல் குழந்தையோடு ஒரு தாய். அந்தக் குழந்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு அழுகையை நிறுத்தியது. அவ்வளவு பயங்கரமாக இருந்திருக்கிறேன். பிறகு எக்ஸ்ரே. படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒரு பெண் டொக்டர் எனக்குக் காட்டினார். இளம் பிள்ளை, ஆனால் வீண் பேச்சு இல்லை. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. இடப்பக்க உடைவு ஒரு சிறு துளைக்கு ஊடாகப் போயிருந்தது. தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறதாம். அந்தத் துளையால் வெளியே வந்துதான் கீழுதட்டுக்கு உணர்வு கொடுக்கிறதாம்.

கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் உதட்டைத் தொட்டார். தொடும்போது கையை உயர்த்த வேண்டும். வலப்பக்கம் உயர்த்தினேன். பிறகு காத்திருந்தேன். கனநேரம் காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது பஞ்சு என் கீழுதட்டின் இடப்பக்கத்தில் இருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை.

பீற்றர் என் பக்கத்தில் நின்று, இவர் ட்ரம்பெட் ஊதுகிறவர், திரும்ப ஊதலாமா என்று கேட்டான். டொக்டர் பொய் சொல்லவில்லை. நரம்பு நசிந்திருந்தால் மாதக்கணக்கில் திரும்பும், அறுந்திருந்தால் திரும்பாது, எது என்று இப்போது சொல்ல முடியாது என்றார். எலும்பு பொருந்தும், போன பல்லுக்குப் பல்லுக் கட்டலாம், உதட்டைத் தைக்கலாம். உணர்வை மட்டும் யாரும் தைக்க முடியாது. உணர்வில்லாத உதடு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று ஊதுகிறவனுக்குத் தெரியாது. மூலையால் காற்று ஓடினாலும் தெரியாது. எனக்கு அந்த வாங்கில் அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன், அதுவும் நொந்தது.

மறுநாள் அறுவைச் சிகிச்சை. தகடும் திருகாணியும் வைத்தார்கள். பிறகு மேல்பல்லையும் கீழ்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள், எலும்பு அசையக்கூடாதாம். நான்கு கிழமை வாய் திறக்க முடியாது. என் தலைமாட்டில் கம்பி வெட்டும் குறடு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்கள். வாந்தி வந்தால் உடனே கம்பியை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சடைத்துச் செத்துவிடுவேன் என்று தாதி ஜெனிற்றாவுக்குச் செய்துகாட்டினார். ஜெனிற்றா இரண்டு தரம் செய்துபார்த்துப் பழகினாள். நான் அந்தக் குறட்டைப் பார்த்துக்கொண்டு வேறு கணக்குப் போட்டேன். றெஜியின் வலக்கையில் ஐந்து விரல். ஒவ்வொன்றாக. பெருவிரலைக் கடைசிக்கு விடுவேன்.

எழுதுவதற்கு வெட்கமில்லை. அந்த வாட்டில் கிடந்த பதினொரு நாளும் நான் செய்த முக்கிய வேலை இதுதான். செபமாலை சொல்கிறேன் என்று ஜெனிற்றா நினைத்தாள். நான் மனதில் அவனை அடித்துக்கொண்டிருந்தேன். படகு எஞ்சினின் விசிறியில் அவன் கையைக் கொடுத்தேன். ஒரு நாள் தடியால், ஒரு நாள் என்னுடைய ட்ரம்பெட்டாலேயே. வாயைக் கட்டிவிட்டால் கோபம் வெளியே போக வழியில்லை, உள்ளே சுற்றிச் சுற்றி வருகிறது. கைகளை முறுக்குவேன். சேலைன் ஊசி இரண்டு தரம் கழன்றது.

வைத்தியசாலைப் பொலிஸ் வந்து வாக்குமூலம் எடுத்தது. நான் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். செத்தவீட்டில் உதட்டைச் சூடேற்றிக்கொண்டு நின்றேன், காரணமில்லாமல் அடித்தான், அவ்வளவுதான். சட்ட வைத்திய அதிகாரி வந்து காயங்களை அளந்தார். பல் உடைந்ததும் எலும்பு உடைந்ததும் சட்டத்தில் கடுங்காயமாம். றெஜியைப் பிடித்துப் பிணையில் விட்டார்கள். அவன் தன் வாக்குமூலத்தில், அது மவுத்பீஸ் சத்தம் என்று எனக்குத் தெரியாது, அப்பரை நக்கலடிக்கிறார் என்று பிழையாக விளங்கிவிட்டேன் என்று சொன்னதாகப் பீற்றர் வந்து சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தான். நானும் கூரையைப் பார்த்தேன்.

சாப்பாடு முழுக்கத் தண்ணீராகத்தான். பல்லுப் போனதில் ஒரே ஒரு நன்மை, உறிஞ்சுகுழாய் நுழைய இடம் இருந்தது. பக்கத்துக் கட்டில் ஐயா, கொடுத்துவைச்ச வாய் என்று பகிடி விட்டார். ஜெனிற்றா ஒவ்வொரு நாள் மத்தியானமும் பிளாஸ்க்கில் மீன் சூப் கொண்டு வந்தாள். விளைமீன், முள்ளெல்லாம் எடுத்து, அரைத்து, துணியில் வடித்து, மிளகு போட்டு. அப்படி ஒரு ருசி. பார்வையாளர் நேரம் முடியும்வரை பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு மிடறுக்கும் நாடியைத் துடைத்துவிடுவாள். இடப்பக்கத்தால் வழிவது எனக்குத் தெரியாது. அவள் அதைச் சொல்லிக்காட்டாமல் துடைப்பாள்.

எட்டாம் நாள் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். வைத்தியசாலைப் படலைக்கு வெளியே ஜெனிற்றா நின்றாள். அவளுக்கு முன்னால் றெஜி. அவன் ஒரு மீன் பையை நாளைக்கென்று அவள் கையில் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது, நான் இத்தனை நாளாக யாருடைய மீனைக் குடித்திருக்கிறேன் என்று.

அவள் வாட்டுக்குள் வந்து பிளாஸ்க்கைத் திறந்தாள். நான் அதை அவள் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். சுவரில் என்றுதான் நினைத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, கண்ணும் மட்டு. கொதிக்கக் கொதிக்க இருந்த சூப் அவளுடைய வலக்கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஊற்றியது. அவள் கத்தவில்லை. ‘ஆ’ என்று ஒரு சின்னச் சத்தம். தாதிகள் ஓடிவந்து குழாய்த் தண்ணீருக்குக் கீழே கையைப் பிடித்தார்கள். தோல் வெள்ளையாகச் சுருண்டது. நான் கட்டிலடியில் நின்றுகொண்டு கம்பிக்குள்ளால் முனகினேன். மன்னிப்புக் கேட்கக்கூட வாய் இல்லை.

கையில் கட்டோடு திரும்பி வந்து என் கட்டிலில் இருந்தாள். கட்டின் நுனியை உள்ளே செருகினாள். பிறகு சொன்னாள்.

“அவன் உங்களை அடிச்சது ஒரு பிழை விளங்கி. நீங்கள் எனக்கு எறிஞ்சது என்னத்தை விளங்கி?”

கொப்பியை எடுத்தேன். என்ன எழுதுவது? வைத்துவிட்டேன். அவள் சுகமான கையால் என் நாடியைத் துடைத்தாள். அடுத்த நாள் சூப் வந்தது, அதே மீன். குடித்தேன். ருசி குறையவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

வீட்டுக்கு வந்தேன். நான்கு கிழமையில் கம்பி வெட்டினார்கள். அந்த நோவை எழுத மாட்டேன், சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நித்திரை வரும். வாய் ஒரு விரல் அகலம்தான் திறந்தது. ஒவ்வொரு நாளும் ஐஸ்கிறீம் குச்சிகளைப் பல்லுக்கிடையில் அடுக்கி, ஒன்று கூட்டி ஒன்று கூட்டித் திறந்து பழகினேன். முன்பல்லுக்குக் கட்டுப்பல் வந்தது. மாதம் ஒரு தரம் கிளினிக். வாங்கில் இருந்து, இலக்கம் கூப்பிட, உள்ளே போய்க் கண்ணை மூட, அதே பெண் டொக்டர் பஞ்சால் தொடுவார். ஒவ்வொரு தரமும் நான் பொய் சொல்லிக் கையை உயர்த்தலாமா என்று யோசிப்பேன். உயர்த்தியதில்லை. நான்காம் மாதம் அவர் பஞ்சை வைத்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் உணர்வின் ஒரு அசுமாத்தமும் இல்லையென்றால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். பித்தளையை வாயில் வைத்துப் பார்க்க மட்டும் அனுமதி தந்தார்.

வைத்துப் பார்த்தேன். பழைய மவுத்பீஸ் விளிம்பு நெளிந்து பொலிஸில் கிடக்கிறது, இது பீற்றர் வாங்கித் தந்தது. உதட்டைச் சேர்த்தேன், மூலைகளை இறுக்கினேன், காற்றைத் தள்ளினேன். ஃப்ஸ்ஸ். பஞ்சரான சைக்கிள் ரியூப். இடப்பக்க மூலையால் காற்று முழுவதும் ஓடியது. கண்ணாடியில் பார்த்தால்தான் அது திறந்திருப்பதே தெரிந்தது. பிறகு ஜெனிற்றா பக்கத்தில் இருந்து தன் பெருவிரலால் அந்த மூலையை அமுக்கிப் பிடித்தாள். அப்போது ஒரு கமறல் மாதிரி ஏதோ வந்தது. தழும்பு ஏறிய கை அது. அந்தக் கையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் ஊதுவது எனக்குத் தண்டனை.

இந்த நேரத்தில்தான் எங்கள் பங்குச் சுவாமியார் வீட்டுக்கு வந்தார். வழக்கு வழக்காக நடக்கட்டும், ஆனால் அந்தப் பெடியனை மன்னிக்கலாமே என்றார். அவன் என்ன செய்தால் உன் மனம் ஆறும் என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. நாள்தோறும் காலமை வந்து என் முன்னால் இருந்து, நான் ஊதுகிறதை முழுக்கக் கேட்க வேண்டும் என்றேன். சுவாமியாருக்கு அது ஏதோ நல்லெண்ணம் மாதிரித் தெரிந்தது, முகம் மலர்ந்தது. எனக்கு நல்லெண்ணம் ஒன்றும் இல்லை. அவன் உடைத்ததை அவன் காதாலேயே கேட்டுச் சாகட்டும் என்றுதான் சொன்னேன்.

வந்தான். கடலால் வந்த கையோடு, மீன் மணத்தோடு வருவான். முற்றத்துக் கதிரையில் இருப்பான். நான் ஃப்ஸ்ஸ் என்பேன், கமறுவேன், எச்சில் தெறிக்கும். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் அழுதான். எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. அடுத்த நாள் வேண்டுமென்றே அரைமணி நேரம் ஊதினேன். ஜெனிற்றா விரலை எடுத்துவிட்டு, உது ஊதுறதில்லை, கொலை என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆறாம் மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. அன்று காலை ஜெனிற்றா பூசைக்குப் போயிருந்தாள். றெஜி வந்து வழமைபோல் இருந்தான். நான் தனியாக முயன்றேன், காற்றுத்தான் வந்தது. நான்கு தரம். ஐந்தாம் தரம் மவுத்பீஸை முற்றத்தில் எறிந்தேன். அவன் எழும்பிப் போய் எடுத்து, சேட்டில் துடைத்துக்கொண்டு வந்தான்.

“அண்ணை, நான் பிடிக்கட்டோ?”

நான் மவுத்பீஸை வாங்கினேன். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்தான். பக்கத்தில் வந்து குந்தி, வலக்கைப் பெருவிரலை என் வாயின் இடப்பக்க மூலையில் வைத்தான். உப்பும் மீன் செதிலும் மணத்தன. அந்தக் கை. ஆறு மாதமாகக் கண்ணை மூடினால் வருகிற கை. அதன் உள்ளங்கை என் கன்னத்தில் பட்டது. எனக்குள் என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. முன்பல்தான் கட்டுப்பல், வேட்டைப்பல் என்னுடைய சொந்தப் பல். கடித்தேன். விரல் எலும்பில் பல் முட்டும்வரை கடித்தேன். உடைந்து பொருந்திய தாடை முழுப் பலத்தோடு கடித்தது.

அவன் கையை இழுக்கவில்லை. மூச்சு மட்டும் மூக்கால் சத்தமாக வந்தது. இரத்தம் என் வாயில் நிறைந்து மூலையால் வழிந்தது. வழிந்தது எனக்குத் தெரிந்தது. கீழுதட்டின் இடப்பக்கத்தில், நாடிக்கு மேலே, ஒரு சூடு. முதலில் அது மனதின் கள்ளம் என்று நினைத்தேன். பிறகு அது ஊர்ந்தது, எறும்பு போலக் குத்திக் குத்தி. பல்லை விட்டேன்.

“சுடுது,” என்றேன். “டேய், எனக்குச் சுடுது.”

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெருவிரல் பாதி தொங்கிய மாதிரி இருந்தது. கொடியில் கிடந்த பழைய சாரத்தைக் கிழித்து விரலில் கட்டி, என்னுடைய மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனேன். வழி முழுக்கக் காற்று உதட்டில் பட்டது. வலப்பக்கம் முழுதாக, இடப்பக்கம் கொஞ்சமாக. நான் சத்தம் போட்டு அழுதுகொண்டு ஓட்டினேன். அவன் பின்னால் இருந்து, மெல்லப் போங்கோ அண்ணை என்றான்.

காயம் பார்த்த டொக்டர் என்ன கடித்தது என்று கேட்டார். றெஜி நாய் என்றான். யாருடைய நாய், ஊசி போட்டதா, இப்போது எங்கே நிற்கிறது என்று டொக்டர் அடுக்கினார். தெரு நாய், ஓடிவிட்டது என்றான். அப்படியென்றால் விசர்நாய்க்கடி ஊசி முழுவதும் போட வேண்டும், காயத்தைச் சுற்றியும் குத்த வேண்டும் என்று டொக்டர் எழுதத் தொடங்கினார். றெஜி தலையாட்டினான். எத்தனை ஊசி என்றாலும் போட்டுக்கொள்வான் போலிருந்தது.

கடித்தது நான்தான் என்று சொன்னேன். டொக்டர் என்னைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், இன்னும் காயாத இரத்தத்தைப் பார்த்தார். விரலைக் கழுவிக் கட்டிவிட்டு, ஆள் கடித்தால் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும், வெளியே இருங்கள் என்றார்.

இரண்டு பேரும் வாங்கில் இருந்தோம். பொலிஸ் வரப்போகிறது, இன்னொரு வாக்குமூலம். போன தரம் விட்டதை இனி விட முடியாது என்று பட்டது. அதுதான் நான் மேலே சொல்லாமல் விட்ட விசயம். அன்றைக்குக் கொட்டிலடியில் பீற்றர் ஒரு பகிடி விட்டான். சம்மாட்டியார் பெரிய வயிற்றுக்காரர், பெட்டிக்குள்ளேயும் காற்று விடுவாரோ என்றான். நான் மவுத்பீஸில் அதற்குப் பதில் சொன்னேன். நீளமாக, இழுத்து, கடைசியில் ஒரு வெட்டு வெட்டி. உதட்டைச் சூடேற்றுவதற்காக அல்ல. பீற்றர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இன்னொன்றும் ஊதினேன். அதன் நடுவில்தான் றெஜி வந்தான்.

“றெஜி, அண்டைக்கு நீ பிழையா விளங்கேல்லை,” என்றேன். “நான் கொப்பரை நக்கலடிச்சுத்தான் ஊதினனான்.”

அவன் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியும் அண்ணை. பீற்றர் சொன்ன பகிடியையும் கேட்டுக்கொண்டுதான் வந்தனான். அதுக்குத்தான் அடிச்சனான்.”

பிறகு ஏன் பிழையாக விளங்கியதாகப் பொலிஸில் சொன்னாய் என்று கேட்டேன்.

“அப்பரைப் பற்றி அப்பிடி ஒரு எழுத்து பொலிஸ் புத்தகத்திலை கிடக்கிறது எனக்கு விருப்பமில்லை. ஊருக்குப் பிறகு என்னவும் சொல்லுங்கோ, பொலிஸுக்கு இண்டைக்கும் அதைச் சொல்லாதையுங்கோ. கடிச்சதை மட்டும் சொல்லுங்கோ.”

பொலிஸ்காரர் கொப்பியோடு வந்து என் பெயரைக் கேட்டார். சொன்னேன். ஏன் கடித்தீர் என்று கேட்டார். கோபத்தில் என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை. அவர் எழுதி முடிக்கும்வரை என் கீழுதட்டின் இடப்பக்கம் எரிந்துகொண்டிருந்தது.